வெப்பமண்டல நாட்டுக்கு கிளம்பறீங்களா? உடம்பு கெடாம போயிட்டு வர முழுமையான வழிகாட்டி

முதல் தடவையா வெப்பமண்டல நாட்டுக்கு கிளம்பறவங்களோட சேந்து பல தடவை போயிட்டு வந்திருக்கேன். யாருக்கும் விவரம் தெரியாம இல்ல, கொசு கடிக்கும், தண்ணி பாத்து குடிக்கணும், உச்சி வெயில்ல அலையக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா எதை எப்ப செய்யணும்னு தெரியாம கடைசி வாரத்துல எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கிட்டு கிளம்பறாங்க, அங்கதான் சறுக்குது. ஊசிக்கு நாள் பத்தாம போகுது, மலேரியா மாத்திரைய வீட்டுக்கு வந்த அன்னிக்கே நிறுத்திடறாங்க, மூணு வாரம் கழிச்சு காய்ச்சல் வந்தா அதுக்கும் பயணத்துக்கும் முடிச்சுப் போட்டே பாக்கறதில்ல.

அதனால கிளம்பறதுக்கு 6 வாரம் முன்னாடி ஆரம்பிச்சு, திரும்பி வந்து ஒரு வருஷம் வரைக்கும் எந்த வரிசைல நடக்கணுமோ அதே வரிசைல எழுதறேன். மருந்து பத்தி சொல்றதெல்லாம் டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு நீங்க தெரிஞ்சுக்கறதுக்கு, டாக்டரைப் பாக்காம இருக்கறதுக்கு இல்ல.

1. டிக்கெட் போட்ட கையோட டாக்டரைப் பாருங்க

கிளம்பற தேதிலருந்து பின்னாடி எண்ணுங்க. 6 வாரம் இருந்தா நல்லது, குறைஞ்சது 4 வாரம் வேணும். காரணம், ஊசி போட்ட நிமிஷத்துலயே பாதுகாப்பு வந்துடாது, சில ஊசிக்கு ரெண்டு டோஸ் வேணும், நடுவுல நாள் விடணும்.

டாக்டர்கிட்ட போறப்ப வெறும் நாட்டுப் பேரை மட்டும் சொன்னா பத்தாது. எந்த ஊர், எந்த மாசம், மழைக்காலமா, கிராமத்துல தங்கறீங்களா நகரத்துலயா, வழில எந்த நாட்டு ஏர்போர்ட்ல இறங்கி மாறறீங்க, இது எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க. ஒரே நாட்டுக்குள்ளயே மலைப் பக்கம் மலேரியா இல்லாம இருக்கும், கீழ சமவெளில இருக்கும். பழைய தடுப்பூசி கார்டு, இப்ப சாப்பிடற மாத்திரைங்க, அலர்ஜி, கர்ப்பமா இருந்தா அதுவும், எதையும் விடாம சொல்லணும்.

வாரம் கம்மியா இருக்குன்னு போகாம விட்டுடாதீங்க. ஒரு வாரம்தான் இருந்தாலும் போட முடிஞ்சது சிலது இருக்கு.

2. ஊசிங்களை தேதி வாரியா அடுக்குங்க

மஞ்சள் காய்ச்சல் (கொசு பரப்பற வைரஸ் நோய், மஞ்சள் காமாலை இல்ல) ஊசியை முதல்ல பாருங்க, ஏன்னா இது உடம்போட நிக்காது, சான்றிதழ் இல்லன்னா சில நாடுகள்ல உள்ளயே விட மாட்டாங்க. போட்ட 10 நாளுக்கு அப்புறம்தான் சான்றிதழ் செல்லும். 2016-லருந்து அது ஆயுசுக்கும் செல்லும், பழைய கார்டுல 10 வருஷம்னு போட்டிருந்தாலும் கவலை இல்ல. நிறைய பேர் கோட்டை விடற இடம் டிரான்சிட். மஞ்சள் காய்ச்சல் இருக்கற நாட்டு ஏர்போர்ட்ல 12 மணி நேரத்துக்கு மேல இருந்தாலே அடுத்த நாட்டுல கார்டு கேக்கலாம். அங்கீகாரம் உள்ள மையத்துல மட்டும்தான் போடுவாங்க. இது உயிருள்ள வைரஸ் ஊசிங்கறதால கர்ப்பிணிங்க, நோய் எதிர்ப்பு கம்மியா இருக்கறவங்க, 60 வயசு தாண்டினவங்க டாக்டர்கிட்ட தனியா பேசி முடிவு பண்ணணும்.

ஹெபடைடிஸ் ஏ (கல்லீரலைத் தாக்கற வைரஸ் நோய்) ஊசி முதல் டோஸே நல்ல பாதுகாப்பு குடுக்கும், 6 மாசத்துக்கு அப்புறம் போடற ரெண்டாவது டோஸ் அதை நீண்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கும். டைஃபாய்டு ஊசி கிளம்பறதுக்கு 2 வாரம் முன்னாடியாவது போட்டிருக்கணும், அதுவும் முழுசா காப்பாத்தாது, ஊசி போட்டாச்சேன்னு கண்டதையும் சாப்பிட முடியாது. டெட்டனஸ் போட்டு 10 வருஷம் ஆயிருந்தா ஒண்ணு போட்டுக்கோங்க.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி ஆசியால கிராமப் பக்கம் வயல் ஓரமா ரொம்ப நாள் தங்கறவங்களுக்கு, வழக்கமா 28 நாள் இடைவெளில ரெண்டு டோஸ். முன்கூட்டியே போடற ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி முதல் நாளும் 7-வது நாளும். ஆஸ்பத்திரி தூரமா இருக்கற இடத்துக்குப் போறவங்க, குழந்தைங்க கூட போறவங்க இதை கண்டிப்பா கேட்டுப் பாக்கணும், ஏன்னு 9-வதுல வருது.

3. மலேரியா மாத்திரை: முன்னாடி எத்தனை நாள், பின்னாடி எத்தனை நாள்

மலேரியா இருக்கற இடம்னு டாக்டர் சொன்னா மாத்திரை எழுதித் தருவார். எந்த மாத்திரைங்கறதை விட எப்ப ஆரம்பிச்சு எப்ப நிறுத்தறதுங்கறதுலதான் தப்பு நடக்குது.

அடோவாகுவோன்-ப்ரோகுவானில் போறதுக்கு 1–2 நாள் முன்னாடி ஆரம்பிச்சு தினம் ஒண்ணு, அந்த இடத்தை விட்டு வந்து இன்னும் 7 நாள். வெறும் வயித்துல போடக் கூடாது, கொழுப்பு உள்ள சாப்பாட்டோட போட்டாதான் உடம்புல சேரும். டாக்ஸிசைக்ளின்னும் 1–2 நாள் முன்னாடி ஆரம்பிக்கணும், ஆனா வந்த பிறகு 4 வாரம் தொடரணும். மெஃப்ளோகுயின் வாரம் ஒண்ணு, 2 வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும், வந்த பிறகும் 4 வாரம். வலிப்போ மனச்சோர்வோ (டிப்ரஷன்) இருந்தவங்களுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது, அதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

திரும்பி வந்தாச்சு, கொசுவே இல்ல, இன்னும் எதுக்கு மாத்திரைன்னு கேக்கறாங்க. கொசு கடிச்ச உடனே கிருமி நேரா கல்லீரலுக்குப் போயிடும், அங்க கொஞ்ச நாள் இருந்துட்டுதான் ரத்தத்துக்கு வரும். டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் ரத்தத்துக்கு வந்த பிறகுதான் அதைப் பிடிக்கும். கடைசி நாள் கடிச்ச கொசுவோட கிருமி வெளிய வர்றப்ப மருந்து உடம்புல இருக்கணும், அதுக்குத்தான் 4 வாரம். மாத்திரை தீர்ற தேதிய போன்ல அலாரமா வைங்க.

டாக்ஸிசைக்ளின் போடறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒரு முழு டம்ளர் தண்ணியோட முழுங்கிட்டு அரை மணி நேரமாவது நிமிந்து உக்காருங்க, படுக்கப் போறப்ப ஒரு மடக்குத் தண்ணில போட்டா மாத்திரை தொண்டைக் குழாய்லயே ஒட்டிக்கிட்டு புண்ணாக்கிடும். அப்புறம் தோல் வெயில்ல சீக்கிரம் கருகிடும், முழுக்கை சட்டை வேணும்.

அந்த நாட்டுலயே பிறந்து வளந்து வெளிய போய் செட்டில் ஆனவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. சின்ன வயசுல எத்தனை கொசு கடிச்சிருக்கும், நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்காதீங்க. மலேரியா எதிர்ப்பு ஊரை விட்டுப் போனதுக்கு அப்புறம் குறைஞ்சுடும். சொந்தக்காரங்களைப் பாக்கப் போய் மாத்திரை போடாம இருந்து மலேரியாவோட திரும்பறவங்கதான் அதிகம்.

4. மருந்துப் பை

தினம் சாப்பிடற மருந்து எல்லாத்தையும் கைப்பைல வைங்க, செக்-இன் பேக்ல வேண்டாம், பேக் ஒரு நாள் தாமதமா வந்தா மருந்து இல்லாம நிக்கணும். நாள் கணக்கை விட ஒரு வாரம் கூடுதலா எடுத்துக்கோங்க. டப்பால கொட்டாம ஒரிஜினல் பாக்கெட்லயே இருக்கட்டும், மருந்துச் சீட்டுல பிராண்ட் பேரோட மருந்தோட பொதுப் பேரும் எழுதி வாங்குங்க. கோடீன், டிராமடால் மாதிரி வலி மருந்து சில நாடுகள்ல தடை, முன்னாடியே அந்த நாட்டு தூதரகத் தளத்துல பாத்துடுங்க.

மத்தபடி தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ஓஆர்எஸ் (பேதிக்கு தண்ணில கரைச்சுக் குடிக்கற உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட் பத்து, லோபரமைட் (பேதிய நிறுத்தற மாத்திரை), போவிடோன் அயோடின் (காயத்துல தடவற கிருமிநாசினி), பேண்டேஜ், குளோரின் மாத்திரை, கொசு விரட்டி, சன்ஸ்கிரீன். தெர்மாமீட்டரை மறக்கறவங்கதான் நிறைய, காய்ச்சலா வெயில் சூடான்னு தொட்டுப் பாத்து சொல்ல முடியாது.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுக்கறப்ப, அவசரத்துல உங்களை வேற ஊர் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போற செலவும் அதுல அடங்குதான்னு படிச்சுப் பாருங்க. பாலிசி நம்பரை போன்லயும் வைங்க, பேப்பர்லயும் வைங்க.

5. போய் இறங்கின முதல் சில நாள்: வெயிலுக்கு உடம்பைப் பழக்கறது

உடம்பு சூட்டுக்குப் பழக 1–2 வாரம் எடுக்கும். பழகின உடம்பு சீக்கிரமா வேர்க்கும், வேர்வைல உப்பை கம்மியா விடும். பழகாத உடம்பு அந்த வேலைய செய்ய முடியாம திணறும். ஆனா முதல் நாளே மலை ஏறறது, உச்சி வெயில்ல ஊர் சுத்தறதுன்னு பிளான் போடறாங்க, லீவு கம்மியா இருக்கு, எல்லாத்தையும் பாத்துடணும்னு. கடினமான வேலைய பயணத்தோட ரெண்டாவது பாதிக்குத் தள்ளுங்க, முதல் 3 நாள் காலைலயும் சாயந்திரமும் மட்டும் வெளிய போங்க.

தண்ணி போதுமான்னு தெரிய சிறுநீர் கலரைப் பாருங்க, வெளிர் மஞ்சளா இருந்தா சரி, கரும்மஞ்சள்னா பத்தல. நாள் முழுக்க வேர்த்துக் கொட்டறப்ப வெறும் தண்ணிய மட்டும் லிட்டர் லிட்டரா குடிச்சா ரத்தத்துல உப்பு குறைஞ்சு தலைவலி, வாந்தின்னு வேற பிரச்சனை வரும், சாப்பாட்டுல உப்பு இருக்கணும்.

தலை சுத்தல், குமட்டல், தசைப்பிடிப்புன்னா நிழலுக்கு வந்து படுத்து தண்ணி குடிச்சா சரியாகும். ஆனா பேச்சு குழறினாலோ, எங்க இருக்கோம்னு தெரியாம உளறினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக், உடம்பு சூடு 40 டிகிரி செல்சியஸ் தாண்டியிருக்கும். வேர்க்குதே, ஒண்ணும் இல்லன்னு விட்டுடாதீங்க, வேர்வை இருந்தாலும் வரும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காம உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறணும். சூட்டை எவ்வளவு சீக்கிரம் குறைக்கறோமோ அவ்வளவு மூளையக் காப்பாத்தலாம்.

6. கொசு: பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு

கொசுவலை கட்டிட்டா போதும்னு நெனைக்கறதுதான் பெரிய தப்பு. மலேரியா கொசு அனாஃபிலிஸ், இருட்டினதுலருந்து விடியற வரைக்கும் கடிக்கும், அதுக்கு வலை சரி. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா பரப்பற ஏடிஸ் பகல்ல கடிக்கும், காலைலயும் சாயந்திரமும் அதிகமா. அதனால விரட்டியும் முழுக்கை சட்டையும் பகலுக்கு, விரட்டியும் வலையும் ராத்திரிக்கு.

விரட்டி வாங்கறப்ப பாட்டில் முன்பக்கத்தைப் பாக்காதீங்க, பின்னாடி என்ன ரசாயனம் எத்தனை சதவீதம்னு பாருங்க. டீட் 20லருந்து 50 சதவீதம், இல்லன்னா பிகாரிடின் 20 சதவீதம். 50-க்கு மேல போனா கூடுதல் நேரம் தாங்காது, வீண். வேர்த்தா, குளிச்சா திரும்பத் தடவணும். கைல கட்டற பேண்ட், சத்தம் எழுப்பற மெஷின், வைட்டமின் மாத்திரை, இதெல்லாம் நம்பி ஏமாறாதீங்க, கொசு அதை மதிக்காது.

சன்ஸ்கிரீன் முதல்ல, அது காஞ்சதும் மேல விரட்டி. மாத்திப் போட்டா விரட்டி அடில போயிடும், வாடை வெளிய வந்தாதான கொசு விலகும். ரெண்டும் கலந்த ஒரே கிரீம் வேண்டாம், சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை போடணும், விரட்டிய அப்படிப் போடக் கூடாது. டீட் தடவின கையோட வாட்ச், மூக்குக் கண்ணாடிய தொட்டா பிளாஸ்டிக் இளகிடும், கூட வந்த ஒருத்தர் வாட்ச் கண்ணாடி ஒரே நாள்ல மங்கிப் போனதை நான் பாத்தேன். உள்ளங்கைய கழுவிடுங்க, குழந்தைங்க கைல தடவாதீங்க, வாய்க்குள்ள போயிடும்.

பெர்மெத்ரின்னு ஒரு பூச்சிக்கொல்லி மருந்து இருக்கு, அது துணிக்கும் வலைக்கும் மட்டும், தோலுக்கு இல்ல. முந்தின நாளே துணில அடிச்சு காய விட்டா பல சலவைக்கு தாங்கும்.

வலை கட்டறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. சாயந்திரம் வெளிச்சம் இருக்கறப்பவே கட்டி, உள்ள உக்காந்து டார்ச் அடிச்சு மூலை மூலையா பாருங்க, ஓட்டை இருந்தா டேப் ஒட்டுங்க, உள்ள மாட்டின கொசு இருந்தா அடிங்க. நாலு பக்கமும் மெத்தைக்கு அடில செருகணும், தரைல தொங்க விட்டா பத்தாது. தூக்கத்துல முழங்காலோ முழங்கையோ வலைல ஒட்டிக்கிட்டு இருந்தா கொசு வெளிய உக்காந்தே வலை வழியா கடிச்சுடும், காலைல எழுந்து பாத்தா ஒட்டியிருந்த இடத்துல மட்டும் வரிசையா தடிப்பு இருக்கும். அகலமான வலையா வாங்கினா இந்தத் தொல்லை இல்ல.

ஜிகா வயித்துல இருக்கற குழந்தையப் பாதிக்கும், அதனால கர்ப்பிணிங்க அது இருக்கற இடத்துக்குப் போறதை தவிர்க்கறது நல்லது. குழந்தைக்கு முயற்சி பண்றவங்க, திரும்பி வந்து பெண்கள் 2 மாசம், ஆண்கள் 3 மாசம் காத்திருக்கணும்.

7. தண்ணியும் சாப்பாடும்

பாட்டில் தண்ணின்னா மூடிய நீங்களே திருகி உடைக்கணும், அந்த வளையம் ஏற்கனவே விட்டுப் போயிருந்தா திருப்பிக் குடுங்க. கொதிக்க வைக்கறதுன்னா குமிழி பொங்க ஆரம்பிச்சதுலருந்து 1 நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல உயரமான இடத்துல 3 நிமிஷம், அங்க தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சுடும். குளோரின் மாத்திரைன்னா கலங்கல் தண்ணிய முதல்ல துணில வடிகட்டிட்டு போட்டு, 30 நிமிஷம் காத்திருக்கணும். கைல எடுத்துட்டுப் போற ஃபில்டர் பாக்டீரியாவப் பிடிக்கும், நிறைய ஃபில்டர்ல வைரஸ் தப்பிச்சுப் போயிடும், வடிகட்டின பிறகு குளோரினும் போடுங்க.

இவ்வளவும் பண்ணிட்டு ஐஸ் போட்ட ஜூஸ் குடிக்கறாங்க, குழாய்த் தண்ணில பல் தேய்க்கறாங்க. தண்ணி எந்த வழியா வாய்க்குள்ள போனாலும் தண்ணிதான்.

சாப்பாட்டுல கேக்க வேண்டிய ஒரே கேள்வி, இது இப்ப சூடா அடுப்புலருந்து வந்துதா? ஆவி பறக்கற சாப்பாடு தெருவுல வித்தாலும் பரவாயில்ல, பெரிய ஹோட்டல்ல காலைலருந்து வெதுவெதுன்னு வச்சிருக்கற பஃபே ஆபத்து. பழம் நீங்க தோல் உரிச்சு சாப்பிடறதா இருக்கட்டும், பச்சைக் காய்கறி வேண்டாம். பவளப்பாறைப் பக்கம் திரியற பாரகுடா மாதிரி பெரிய மீன்ல சிகுவாடெரா விஷம் இருக்கலாம், அது சமைச்சாலும் போகாது.

8. வயித்தால போனா

பெரும்பாலும் சில நாள்ல தானா நிக்கும். அதுவரைக்கும் போன தண்ணியும் உப்பும் திரும்ப உள்ள போகணும், முதல் வேலை ஓஆர்எஸ், மாத்திரை இல்ல.

ஓஆர்எஸ் கரைக்கறதுலதான் அதிகத் தப்பு. ஒரு தடவை கூட வந்த பெண்ணுக்கு வயித்தால போயிட்டிருந்தது, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணில கொட்டிக் கலக்கி முகத்தைச் சுளிச்சுக்கிட்டு குடிச்சிட்டிருந்தா, பலமா இருந்தா சீக்கிரம் சரியாகும்னு நெனைச்சு. நடக்கறது நேர் எதிர். கரைசல் கெட்டியா இருந்தா குடல் தண்ணிய உறிஞ்சறதுக்கு பதிலா உடம்புலருந்து வெளிய இழுக்கும், பேதி அதிகமாகும். பாக்கெட்ல 1 லிட்டர்னு போட்டிருந்தா சரியா 1 லிட்டர், 200 மில்லின்னு போட்டிருந்தா 200 மில்லி. கலக்கி 24 மணி நேரம் தாண்டினா கொட்டிடுங்க. பாக்கெட் கிடைக்கலன்னா 1 லிட்டர் சுத்தமான தண்ணில தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை சுவைக்காக இல்ல, அது இருந்தாதான் குடல் உப்பையும் தண்ணியையும் சேத்து உள்ள இழுக்கும்.

வாந்தி வந்தா 10 நிமிஷம் விட்டுட்டு ஸ்பூன் ஸ்பூனா குடுங்க, மடமடன்னு குடிச்சா திரும்ப வரும்.

லோபரமைட் நீண்ட பஸ் பயணத்துக்கு உதவும், ஆனா காய்ச்சலோ மலத்துல ரத்தமோ இருந்தா தொடாதீங்க, சின்னக் குழந்தைக்கும் குடுக்காதீங்க. ரத்தம், காய்ச்சல், ஒரு நாள் முழுக்க எதுவும் வயித்துல தங்கல, சிறுநீரே வரல, இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட போகணும். ஆன்டிபயாட்டிக்கை அவர் சொல்லி சாப்பிடுங்க.

9. நாய், குரங்கு, வௌவால் கடிச்சா

முதல் 15 நிமிஷம் உங்க கைலதான் இருக்கு. குழாயைத் திறந்து விட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும், போன்ல டைமர் வைங்க, ஏன்னா ரெண்டு நிமிஷம் கழுவினதே ரொம்ப நேரம் மாதிரி தெரியும். ரேபிஸ் கிருமி காயத்துலருந்துதான் நரம்புக்குப் போகுது, அங்கயே கழுவித் தள்ளணும். அப்புறம் போவிடோன் அயோடின். மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பாதீங்க.

அன்னிக்கே ஆஸ்பத்திரி. முன்கூட்டி ஊசி போடாதவங்களுக்கு தடுப்பூசி கோர்ஸோட காயத்துலயே இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யற தயார் நிலை எதிர்ப்புப் புரதம்) போடணும், அது நிறைய இடங்கள்ல கிடைக்கவே கிடைக்காது, அதைத் தேடி வேற ஊருக்கோ நாட்டுக்கோ ஓடணும். முன்னாடியே ஊசி போட்டிருந்தா அது வேண்டாம், ரெண்டு டோஸ் தடுப்பூசியோட முடியும். 2-வதுல சொன்னது இதுக்குத்தான்.

சின்னக் கீறல்தானே, வீட்டு நாய்தானேன்னு விடாதீங்க. அறிகுறி வந்துட்டா காப்பாத்தறது கிட்டத்தட்ட முடியாது, வர்றதுக்கு முன்னாடி தடுக்கறது முடியும்.

10. ஏரி, வெள்ளம், ரோடு

ஆப்பிரிக்காவுல மலாவி ஏரி மாதிரி நன்னீர்ல பில்ஹார்சியா புழு இருக்கு, நத்தைலருந்து வந்து தோல் வழியா உள்ள போகும், தண்ணி பளிங்கு மாதிரி இருந்தாலும். கடலும் குளோரின் போட்ட நீச்சல்குளமும் இதுல பிரச்சனை இல்ல. மழை வெள்ளத் தண்ணில கால் வைச்சா எலிக்காய்ச்சல் வரலாம், புண் இருந்தா இன்னும் சுலபமா. மண்ணுல வெறுங்காலோட நடந்தா கொக்கிப்புழு.

கடைசியா ரோடு. பயணத்துல சாகறவங்கள்ல நிறைய பேர் கொசுவால இல்ல, வண்டியால சாகறாங்க. பெல்ட் இல்லாத கார்ல ஏறாதீங்க, ஹெல்மெட் இல்லாம பைக்ல உக்காராதீங்க, ஊருக்கு வெளிய ராத்திரிப் பயணம் வேண்டாம்.

11. அங்க இருக்கறப்பவே காய்ச்சல் வந்தா

மலேரியா இருக்கற இடத்துக்குப் போய் 7 நாள் தாண்டி காய்ச்சல் வந்தா அன்னிக்கே ரத்த டெஸ்ட், மாத்திரை ஒழுங்கா போட்டிருந்தாலும். ஃபால்சிபாரம்ங்கற ரொம்ப ஆபத்தான வகை மலேரியா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிருக்கு ஆபத்தாயிடும். முதல் டெஸ்ட்ல இல்லன்னு வந்தாலும் 12–24 மணி நேரத்துல திரும்ப எடுக்கணும்.

டெங்கு இல்லன்னு உறுதியாகற வரைக்கும் இபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தக் கசிவை கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் பாக்கெட்ல சொன்ன அளவுக்குள்ள. காய்ச்சல் இறங்கினதும் எல்லாரும் நிம்மதியா விட்டுடறாங்க, டெங்குல ஆபத்தான கட்டமே அதுக்கு அப்புறம் வர்ற 24–48 மணி நேரம்தான். கடுமையான வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், எழுந்துக்க முடியாத அசதி, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

12. திரும்பி வந்த பிறகு

மலேரியா மாத்திரைய 3-வதுல சொன்ன நாள் வரைக்கும் முடிங்க. நன்னீர்ல குளிச்சிருந்தா 6–8 வாரம் கழிச்சு பில்ஹார்சியாவுக்கு ஒரு டெஸ்ட், அதுக்கு முன்னாடி எடுத்தா தெரியாம போகலாம்.

அடுத்த ஒரு வருஷத்துக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் பயணத்தைச் சொல்லுங்க. வைவாக்ஸ்ங்கற இன்னொரு வகை மலேரியா கல்லீரல்ல மாசக்கணக்குல தூங்கிட்டு இருந்துட்டு எழும், 3-வதுல சொன்ன தடுப்பு மாத்திரைங்க அந்தத் தூங்கற கிருமிய தொடாது. உங்க ஊர் டாக்டருக்கு வெப்பமண்டல நோய் மனசுலயே இருக்காது, வழக்கமான வைரஸ் காய்ச்சல்னு அனுப்பிடுவார். அதனால உள்ள போய் உக்காந்ததும் முதல் வாக்கியமா சொல்லுங்க: "இந்த நாட்டுக்கு இந்த தேதிலருந்து இந்த தேதி வரைக்கும் போயிருந்தேன், இந்த மாத்திரை போட்டேன், மலேரியா டெஸ்ட் எடுங்க."